நதியைத் தூர்த்த பிறகு: டிஸ்னி வேர்ல்டில் நான்கு நாள்

முதல் நாள்: மேஜிக் கிங்டம்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள்; நாளுக்கு ஒன்று. காரில் வருகிறவர்கள் மேஜிக் கிங்டம் வாசலில் போய் இறங்க முடியாது. வண்டியை ஏரியின் இந்தக் கரையில், டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டரில் விட்டுவிட்டு, மோனோரயிலோ படகோ பிடித்து அக்கரைக்குப் போக வேண்டும். டிஸ்னி ஹோட்டல்களிலிருந்து வரும் பஸ் நேரே வாசலுக்குப் போகும். எந்த வரிசை குறைவோ அதில் ஏறுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஆனால் முதல் முறை வருகிறவர்கள் படகிலேயே போகட்டும். 189 அடி உயரக் கோட்டை தண்ணீருக்கு அப்பால் கடுகளவாகத் தெரிந்து, படகு நெருங்க நெருங்க வளரும்.

1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோதே இந்த ஏற்பாடுதான். ஏரியை வெட்டிய மண்ணைக் கொட்டித்தான் பூங்காவின் தரையை உயர்த்தினார்கள். நீங்கள் நடக்கிற தெரு உண்மையில் மாடி. பழைய நிலமட்டத்தில், கீழே, ஊழியர்கள் போய்வரும் சுரங்கப்பாதை இருக்கிறது. கௌபாய் உடுப்பில் ஒருவர், எதிர்கால உலகமாகக் கட்டிய டுமாரோலேண்டைக் கடந்து போவது பார்வையாளர் கண்ணில் படக்கூடாது. அதற்காக ஒரு பூங்காவையே ஒரு மாடி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

'மாயம் போய்விட்டது' என்று ரசிகர்கள் புலம்பும்போது எதைச் சொல்கிறார்கள் என்பது இங்கே பிடிபடும். கண்ணில் படாத இடத்தில் காசு செலவழிக்கும் அந்தப் பழைய பழக்கத்தைத்தான் சொல்கிறார்கள். ரைடு பிடித்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

புலம்பல் ஒன்றும் புதிதல்ல. 1994இல் நீர்மூழ்கிக் கப்பல் ரைடை மூடியபோது மாயம் போனது. 1998இல் மிஸ்டர் டோட் ரைடை மூடியபோது ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அப்போதும் போனது. இப்போதைய சண்டை நதியைப் பற்றியது. ஃபிரான்டியர்லேண்டைச் சுற்றி ஓடிய 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா', அதன் நடுவில் இருந்த டாம் சாயர் தீவு, சுற்றி வந்த லிபர்ட்டி பெல் நீராவிக் கப்பல் எல்லாவற்றுக்கும் 2025 ஜூலை 6 கடைசி நாள். அந்த இடத்தில் 'கார்ஸ்' படத்தை வைத்து ஒரு புதுப் பகுதி வருகிறது. பக்கத்தில் பிக் தண்டர் மலை ரயிலும் 2025 தொடக்கத்தில் பழுதுபார்ப்புக்கு மூடப்பட்டதால், அந்த மூலையில் 2025 நவம்பரில் அதிகம் தெரிந்தது தடுப்புச் சுவர்தான்.

மாற்றம் வரட்டும் என்கிற புதுசுக்காரர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது: தீவுக்கு எத்தனை பேர் போனார்கள்? கப்பல் அரை மைல் சுற்ற 17 நிமிடம் எடுத்துக்கொண்டது. அதுவும் தண்ணீருக்குள் பதித்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு. இவ்வளவு பெரிய இடத்தை இதற்காக வைத்திருக்க வேண்டுமா?

பழசுக்காரர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் கண்ணீராகவே இருக்கிறது. அவர்கள் சொல்லத் தவறும் கணக்கு ஒன்று உண்டு. கப்பலில் ஒரே நேரத்தில் சில நூறு பேர் வரிசையில் நிற்காமல் இருந்தார்கள். தீவில் இன்னும் பல நூறு பேர், குழந்தைகளைக் குகைக்குள் ஓடவிட்டுவிட்டு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் இப்போது எங்கே? ஏதோ ஒரு ரைடு வரிசையில், அல்லது நடைபாதையில் உங்கள் முன்னால். ஆளை விழுங்குகிற இடத்தை மூடினால் கூட்டம் குறையாது, நடைபாதையில் வந்து நிற்கும். மதியம் 1 மணிக்கு லிபர்ட்டி ஸ்கொயர் திருப்பத்தில் தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நதி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது தெரியும்.

இனி வரிசைக் கணக்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே வருவது, பண்டிகை நேரத்தில் முன்பதிவு இல்லாமல் எழும்பூர் போய் நிற்பது மாதிரி.

1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது, இலவசம். 2021 அக்டோபரில் அதே வேலையை நாளுக்கு 15 டாலர் வாங்கிக்கொண்டு ஜீனி பிளஸ் செய்தது. 2024 ஜூலையில் அதற்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியது. விலை நாளுக்கு நாள், பூங்காவுக்குப் பூங்கா மாறும். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் தங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே, மற்றவர்கள் போகும் நாளுக்கு 3 நாள் முன்பு, காலை 7 மணிக்குக் கைப்பேசியில் மூன்று ரைடுகளைப் பிடித்துவைக்கலாம். ஒன்றைப் பயன்படுத்திய பிறகு அடுத்த ஒன்று. மிகப் பிரபலமானவை மல்டி பாஸில் வராது. இங்கே டிரானும் செவன் ட்வார்ஃப்ஸும் தனிக்காசு. எல்லாவற்றுக்கும் முன்பதிவே இல்லாமல் நுழைய வேண்டுமா? 2024 அக்டோபர் இறுதியில் அறிமுகமான பிரீமியர் பாஸுக்கு ஒரு ஆளுக்கு, ஒரு பூங்காவுக்கு, ஒரு நாளைக்கு 129 முதல் 449 டாலர் வரை விலை வைத்தார்கள். நுழைவுச்சீட்டு வேறு.

இது சாதா வரிசையை என்ன செய்கிறது? ஒரு ரைடு மணிக்கு 1,500 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 500 பேர். ஒரே வரிசை என்றால் 20 நிமிடம். 1,500 இடத்தில் 1,000 இடம் கட்டண வரிசைக்குப் போனால் உங்களுக்கு மிச்சம் 500; அதே 500 பேருக்குப் பின்னால் ஒரு மணி நேரம். வரிசை நீளம் அதேதான், ஆனால் நகராது. அதனால்தான் 'முன்பெல்லாம் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்' என்கிறார்கள். ஆனால் ஒன்று: இந்த நோய் 1999லேயே தொற்றியது. 2021இல் மருந்துச்சீட்டுக்கும் காசு கேட்டார்கள், அவ்வளவுதான். ஃபாஸ்ட்பாஸ் காலத்தைப் பொற்காலம் என்று சொல்கிறவர்கள், அப்போது தாங்கள் வேகமான வரிசையில் நின்றதை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது: ஒரு ரைடு பழுதாகி ஒரு மணி நேரம் நின்று மறுபடி திறந்தவுடன் சாதா வரிசைக்கு ஓடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்து லைட்னிங் லேன்காரர்கள் மொத்தமாகத் திரும்பி வருவார்கள், அவர்களுக்குத்தான் முதலிடம். வாசலில் எழுதியிருக்கும் நிமிடத்தை அப்போது நம்பக்கூடாது.

பாஸ் வாங்காமல் சமாளிக்க: டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு 30 நிமிடம் முன்பே கதவு திறக்கும். அந்த நேரத்தில் செவன் ட்வார்ஃப்ஸ், உடனே பீட்டர் பான். பீட்டர் பான் ரைடுக்கு மதியம் வரிசையில் நிற்பது பாவம்; மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். ஹாண்டட் மேன்ஷன், பைரேட்ஸ், பீப்பிள்மூவர் மூன்றையும் மதியத்துக்கு வையுங்கள். எல்லாம் நிற்காமல் ஆளை வாங்கிக்கொண்டே இருக்கும் பழைய வடிவமைப்பு.

ஹாண்டட் மேன்ஷனில் ஒரு நிமிடம் நிதானிப்போம். பேய்கள் நடனமாடும் கூடம் வரும்போது உங்கள் வண்டி மாடி வரிசையில் போகிறது. முன்னால் கூடம் முழுதும் மறைக்கிற பிரம்மாண்டக் கண்ணாடி, கண்ணுக்கே தெரியாது. நடனமாடும் பொம்மைகள் கூடத்தில் இல்லை. உங்கள் வண்டிப் பாதைக்கு மேலும் கீழும், கறுப்பு அறையில் சுழல்கின்றன. அவற்றின் மேல் விளக்கு விழும்போது பிம்பம் கண்ணாடியில் ஒட்டி, நாற்காலி மேசைகளுக்கு நடுவே ஊடுருவித் தெரிகிற பேயாகிறது. 19ஆம் நூற்றாண்டு நாடக மேடைத் தந்திரம். பிம்பம் இடவலம் மாறுவதால் ஜோடிகளில் பெண்தான் ஆணை நடத்திக்கொண்டு போகிறாள், கவனியுங்கள். திரை இல்லை, கணினி வரைகலை இல்லை. விளக்கும் கண்ணாடியும் தூசில்லாமல் இருக்கிறவரை 1971இல் வேலை செய்தது இன்றும் செய்யும்.

இதே ரைடில் 2023 நவம்பரில் 'ஹேட்பாக்ஸ் பேய்' ஒன்றைச் சேர்த்தார்கள். தலை உடம்பிலிருந்து மறைந்து கையில் இருக்கும் தொப்பிப் பெட்டிக்குள் தெரியும். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் அது பரணில் நிற்கிறது. இங்கே முடிவில்லாத தாழ்வாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கூடத்துக்கு முன்னால் பேய் உருவத்தோடு தெரியவே கூடாது, சத்தம் மட்டும்தான், கூடத்தில்தான் முதல் தரிசனம் என்பது பழைய கதைக்கட்டு. அதை உடைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இந்த வழக்கில் பழசுக்காரர்கள் பக்கம்தான் நியாயம். பொம்மை அருமை, நிற்கும் இடம் தப்பு.

ஸ்பிளாஷ் மவுண்டன் வழக்கு வேறு. அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு, 2024 ஜூன் 28 அன்று டியானாஸ் பேயு அட்வென்ச்சர் ஆகத் திறந்தது. டிஸ்னியே அமெரிக்காவில் வீடியோவாக வெளியிடாமல் ஒதுக்கிவைத்த 1946 படத்தை வைத்துக் கட்டிய ரைடு என்றைக்காவது மாறித்தான் ஆக வேண்டும். பொம்மைகளின் முக அசைவில் புதியது பழையதைத் தோற்கடிக்கிறது. குறை கதையில்: முன்பு முயல் மாட்டிக்கொண்டு, தப்பிக்கத்தான் அந்த 50 அடிச் சரிவு. இப்போது பாட்டுக்குழுவுக்கு ஆள் தேடிப் போகிறோம். ஏன் விழுகிறோம் என்பதற்குக் காரணம் போதவில்லை.

மாலை: நவம்பர், டிசம்பரில் பல இரவுகள் தனிச்சீட்டு கிறிஸ்துமஸ் பார்ட்டி. அந்த நாட்களில் சாதா சீட்டுக்காரர்களை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். பகல் கூட்டம் குறையும், வாணவேடிக்கை கிடையாது. எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து நாள் தேர்ந்தெடுங்கள். பார்ட்டி இல்லாத இரவில் 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' வாணவேடிக்கை பார்க்கக் கோட்டையை ஒட்டி நிற்க வேண்டாம். கோட்டைச் சுவரில் ஓடும் படம் கழுத்தை முறிக்கும். மெயின் ஸ்ட்ரீட் நடுவில் நின்றால் இரண்டும் தெரியும். இந்த நிகழ்ச்சியை 2021இல் 50ஆம் ஆண்டுக்காக எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார்கள். ரசிகர்கள் ஓயவில்லை. 2023 ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டது. 2020இல் கோட்டைக்கு ரோஜா வண்ணம் அடித்ததும் அப்படித்தான். பழைய சாம்பல், நீலத்துக்கே போகப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். கத்தினால் சில நேரம் காது கேட்கிறது.

இரண்டாம் நாள்: எப்காட்

கால்வலி நாள். வேர்ல்ட் ஷோகேஸ் ஏரியைச் சுற்றி 11 நாட்டுக் கூடங்கள், ஒரு சுற்று கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். புதுச் செருப்பு போடாதீர்கள். உணவுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம்; பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இந்தப் பூங்காவுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் வந்தால் கார்டியன்ஸ் ரைடு பக்கம். பிரான்ஸ், பிரிட்டன் கூடங்களுக்கு நடுவே இன்டர்நேஷனல் கேட்வே என்கிற பின்வாசல். ஸ்கைலைனர் கேபிள் காரில் வருகிறவர்கள் அங்கே இறங்கி நேரே ரெமி ரைடுக்குப் போகலாம். நாட்டுக் கூடங்கள் பொதுவாகக் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். ரெமியும் ஃபுரோசனும் காலையிலேயே ஓடும்.

வெள்ளிப் பந்து மாதிரி நிற்கும் ஸ்பேஸ்ஷிப் எர்த் 180 அடி உயரம், 11,324 முக்கோணப் பரப்புகள். மழை பெய்தால் பந்திலிருந்து தலையில் சொட்டாது. தகடுகளுக்கு நடுவே ஒரு அங்குல இடைவெளி. தண்ணீர் உள்ளே இறங்கி, குழாய் வழியாக ஏரிக்குப் போகிறது. யாரும் கவனிக்காத இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் 1982இல் மூளையைச் செலவழித்தார்கள். உள்ளே குகை மனிதனிலிருந்து கணினி வரை ஏறிப் போகும் ரைடில் ரோம் எரிந்து அடங்கிய காட்சியில் புகை வாசனை வரும். அந்த வாசனைக்காகவே வருகிறவர்கள் உண்டு. உச்சியில் நட்சத்திரங்களும் பூமியும். அதற்குப் பிறகு வண்டி திரும்பிப் பின்பக்கமாக இறங்கும். இறங்கும்போது கையளவு திரையில் கேள்விக்குப் பதில் அழுத்திக்கொண்டு இருட்டில் வர வேண்டியதுதான். ஏறுவது இதிகாசம், இறங்குவது லிஃப்ட். 2019இல் சொன்ன பெரிய புதுப்பிப்பு இன்னும் நடக்கவில்லை. வாசலிலேயே இருப்பதால் காலையில் எல்லோரும் இதில்தான் முட்டுவார்கள். மாலை 4 மணிக்கு மேல் போங்கள், நடந்துபோய் ஏறலாம்.

எப்காட்டில் மாயம் தேய்ந்தது ஏன் என்பதற்கு விடை பணம் கொடுத்தவர்களிடம் இருக்கிறது. 1982இல் ஒவ்வொரு கூடத்துக்குப் பின்னாலும் ஒரு பெரிய கம்பெனி: ஆற்றலுக்கு எக்ஸான், போக்குவரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ், கற்பனைக்குக் கோடாக், 1983இல் வந்த ஹொரைசன்ஸுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக். விளம்பரம் அவர்களுக்கு, செலவில் பங்கும் அவர்களுக்கு. ஒப்பந்தம் முடிந்து கம்பெனி கிளம்பியதும் கூடம் அநாதையாகும். ஜெனரல் எலெக்ட்ரிக் 1993இல் விலகியது. ஹொரைசன்ஸ் தடுமாறி 1999 ஜனவரியில் மூடியது. அந்த ரைடில் பாலைவனப் பண்ணைக் காட்சியில் ஆரஞ்சு மணக்கும். முடிவில் விண்வெளியா, கடலா, பாலைவனமா எந்த வழியாக வீடு திரும்புவது என்று பயணிகளே பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுப்பார்கள். மூடி கால் நூற்றாண்டு கடந்தும் ரசிகர்கள் அந்த ஆரஞ்சு வாசனையை விடவில்லை.

கம்பெனிகள் போன இடத்தில் படக் கதாபாத்திரங்கள் வந்தன. கடல் கூடத்தில் நீமோ, நார்வேயில் ஃபுரோசன், ஆற்றல் கூடத்தில் கார்டியன்ஸ். பழசுக்காரர்கள் 'எல்லாம் விளம்பரமாகிவிட்டது' என்கிறார்கள். முன்பும் விளம்பரம்தான் ஐயா, பெட்ரோல் கம்பெனி விளம்பரம். வித்தியாசம், முன்பு விளம்பரதாரர் வெளியாள். இப்போது டிஸ்னி தன் படத்துக்குத் தானே விளம்பரதாரர்.

ஃபுரோசன் ரைடில் ஏன் எப்போதும் வரிசை? 1988இல் மேல்ஸ்ட்ரோம் என்ற வைக்கிங் ரைடுக்குக் கட்டிய கால்வாய், அதே அளவு படகு. நார்வே கூடத்துக்கு வருகிற கூட்டத்துக்கு அப்போது அது போதும். 2016இல் உலகக் குழந்தைகள் எல்லாம் கேட்கும் கதையை அதே வாய்க்காலில் விட்டார்கள். செம்பில் ஏரியை ஊற்றிய கதை. காலை முதல் வேலையாகவோ இரவு கடைசியிலோ தவிர நிற்காதீர்கள்.

கார்டியன்ஸ் காஸ்மிக் ரீவைண்ட் மட்டும் பழசுக்காரர்களையும் வாயடைக்கிற ரைடு. 2022 மே 27இல் திறந்தது. பின்பக்கமாகக் கிளப்பி, ஓடும்போதே வண்டியைக் காட்சிக்கு ஏற்றபடி திருப்புகிறது. ஆறு பாட்டுகளில் எது வரும் என்று சொல்ல முடியாது. தலைசுற்றல் உள்ளவர்கள் சாப்பிட்ட உடனே ஏறக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி ஓடுவதுதான் வயிற்றைக் கலக்கும், கண்ணை மூடினால் இன்னும் மோசம்.

மதிய வெயிலுக்கு லிவிங் வித் தி லேண்ட். படகு மெதுவாகப் பசுமைக்குடிலுக்குள் போகும். மண்ணில்லாமல் தொங்கும் தக்காளி மரம், மிக்கி தலை வடிவத்தில் அச்சுக்குள் வளரும் பூசணி. இங்கே விளைவது பூங்காவின் சமையலறைகளுக்கும் போகிறது. எப்காட் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஒரு ரைடு போதும்.

இரவு ஏரியில் வாணவேடிக்கை. இதிலும் ஒரு பாடம். 2021இல் வந்த ஹார்மோனியஸுக்காக ஏரி நடுவில் ராட்சத மிதவைகளை நிறுத்தினார்கள். இரவில் அழகு. பகலில் ஜப்பானிலிருந்து மெக்சிகோவைப் பார்த்தால் நடுவே இரும்புக் குப்பை. ரசிகர்கள் அதற்கு 'டாக்கோ' (மடித்த மெக்சிகோ ரொட்டி) என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஒன்றரை வருடத்தில் மிதவைகள் போயின. 2023 டிசம்பரிலிருந்து லூமினஸ்.

மூன்றாம் நாள்: ஹாலிவுட் ஸ்டூடியோஸ்

சின்னப் பதிவு. 1989இல் நிஜப் படப்பிடிப்புத் தளமாகத் தொடங்கி, படப்பிடிப்பு போய், தளச் சுற்றுலாவும் போய், இப்போது நான்கைந்து பெரிய ரைடுகள் சேர்ந்த இடம். இங்கே மாயம் போய்விட்டது என்று அழ முடியாது; முழுதாக எப்போது இருந்தது என்பதே வழக்கு.

காலையில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் அல்லது ஸ்லிங்கி டாக், இரண்டில் ஒன்றுக்கு ஓடுங்கள். ரைஸ் 'ஸ்டார் வார்ஸ்' ரைடு, 18 நிமிடம். நின்றபடி ஒரு விண்கலம், இறங்கினால் ஸ்டார்ம்ட்ரூப்பர் படை அணிவகுத்து நிற்கும் பெரிய கூடம், பிறகு தண்டவாளமே இல்லாத வண்டி, கடைசியில் லிஃப்டில் விழுவது. இத்தனை இயந்திரம் ஒன்றையொன்று காத்திருந்து ஓட வேண்டும். ஒன்று மக்கர் செய்தால் மொத்தமும் நிற்கும், அல்லது அந்த ஒன்றை அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். ரசிகர் மொழியில் இதற்கு 'பி மோட்'. பீரங்கி நகரவில்லை என்றால் நீங்கள் பார்த்தது பி மோட். முதல் முறை வந்தவருக்குத் தெரியாது, நான்காம் முறை வந்தவர் அதையே பேசிக்கொண்டிருப்பார். விவாதத்தில் பாதி இதுதான்.

மப்பெட்விஷன் 3டி அரங்கம் 2025 ஜூன் 7 அன்று கடைசிக் காட்சியோடு மூடியது. 1991 மே 16இல், மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் இறந்து சரியாக ஒரு வருடம் கழித்துத் திறந்தது. உட்காரலாம், குளிர்சாதனம் உண்டு, பெரிய அரங்கம், வரிசை இல்லை. நேற்று முன்தினம் பார்த்த நதிக் கணக்கேதான். அங்கே மான்ஸ்டர்ஸ் இங்க் பகுதி வருகிறது.

டவர் ஆஃப் டெரரைத் தவறவிடாதீர்கள். 1994இன் கட்டடம், 199 அடி. லிஃப்ட் மேலே போய்த் திறந்ததும் அப்படியே கூண்டை விட்டு வெளியே ஊர்ந்து வேறொரு குழிக்குப் போகும். கம்பி இழுத்து, கல் விழுவதைவிட வேகமாகக் கீழே தள்ளும். எத்தனை முறை என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. கட்டட உச்சி எப்காட்டிலிருந்து பார்த்தால் மொராக்கோ கூடத்துக்குப் பின்னால் தெரியும் என்பதால், மொராக்கோவுக்குப் பொருந்துகிற நிறத்தில் அடித்தார்கள். நேற்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இன்று புரியும்.

இதே ஊரில் 2025 மே 22 அன்று யூனிவர்சல் எபிக் யூனிவர்ஸ் என்ற முழுப் புதுப் பூங்காவைத் திறந்திருக்கிறது. டிஸ்னி வேர்ல்டின் கடைசிப் புதுப் பூங்கா 1998. அதற்கு நாளை.

நான்காம் நாள்: அனிமல் கிங்டம்

சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடுகிற பூங்கா, விலங்குகளுக்கும் நேரம் உண்டே. கதவு திறந்ததும் கூட்டம் 'அவதார்' படப் பகுதியான பண்டோராவின் ஃபிளைட் ஆஃப் பேசேஜுக்கு ஓடும். தனிக்காசு கொடுக்காதவர்கள் அதை முதலில் முடித்துவிட்டு, உடனே கிளிமஞ்சாரோ சஃபாரி. திறந்த லாரியில் 18 நிமிடம், காலை 10 மணிக்குள். வெயில் ஏறினால் சிங்கம் பாறைக்குப் பின்னால் போய்விடும். லாரிப் பாதையின் பள்ளமும் சேறும் சிமெண்டில் செய்தவை. டயர் தடம்கூட அச்சு வைத்தது.

இந்தியர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை: ஆசியப் பகுதியில் ஆனந்தபுர் என்ற கற்பனை ஊர். சுவரில் மங்கிப்போன விளம்பர எழுத்து, தாறுமாறாகத் தொங்கும் மின்கம்பி, கதவோரம் சாய்த்த சைக்கிள், காரை பெயர்ந்து செங்கல் தெரியும் மதில். பழையது மாதிரி செய்வது சுலபம். நாலு முறை வெள்ளையடித்து நாலு முறையும் உரிந்தது மாதிரி செய்வதுதான் கஷ்டம். இடிந்த அரண்மனைக்குள் புலிகளைப் பார்க்கும் மகாராஜா ஜங்கிள் டிரெக்கில் ஓடிப்போகாமல் சுவர்களைப் பாருங்கள். வரிசை கிடையாது, பாஸ் கிடையாது, பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பூங்காவுக்கு வெளியே, அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் இருக்கும் சனா உணவகத்தில் இடம் பதிந்துகொள்ளுங்கள். பிரெட் சர்வீஸ் என்று கேட்டால் நான் உட்பட ஐந்து வகை ரொட்டியும், தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும் வரும். புளிச் சட்னியும் பூண்டு ஊறுகாயும் அதில் உண்டு. ஜன்னல் மேசை கிடைத்தால் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு.

மரத்தடி அரங்கில் 1998 முதல் ஓடிய பூச்சிகள் காட்சியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டு, நவம்பர் 7 அன்று ஜூடோபியா காட்சியைத் தொடங்கினார்கள். முன்னூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் செதுக்கிய ஜீவ மரத்தின் அடியில், சட்டை போட்டுக் கார் ஓட்டும் விலங்குகளின் கதை. காட்சி நன்றாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. இந்த மரத்தடியில் இருக்க வேண்டுமா என்றால், வேண்டாம்.

டைனோசர் ரைடுக்கு 2026 பிப்ரவரி 1 கடைசி நாள். அதன் பாதை கலிஃபோர்னியாவின் இண்டியானா ஜோன்ஸ் ரைடின் பாதையேதான். இங்கேயும் அதையே இண்டியானா ஜோன்ஸ் ஆக்கப்போகிறார்கள். சுற்றியிருந்த கண்காட்சித் திடல் போனதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

கடைசியாக எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட். 2006 ஏப்ரலில் திறந்தது. வரிசையே ஒரு அருங்காட்சியகம்: இமயமலை ஊர்களின் மணிகள், சிலைகள், பாத்திரங்கள். லைட்னிங் லேனில் போனால் இதில் பெரும்பகுதியைத் தவறவிடுவீர்கள். இங்கே சாதா வரிசையே மேல். ரயில் ஏறி, உடைந்த தண்டவாளத்தில் நின்று, பின்பக்கமாக இருட்டுக்குள் பாயும். கடைசிக் குகையில் யெட்டி என்கிற பனிமனிதன்.

அந்த யெட்டிதான் இந்த நான்கு நாள் வழக்கின் முதல் சாட்சி. சுமார் 25 அடி உயரம். முன்பக்கம் ஐந்து அடி பாய்ந்து, ரயிலைப் பிடிக்கக் கையை நீட்டும்படி செய்தது. திறந்து சில மாதங்களில் அசைவு நின்றுவிட்டது. அவ்வளவு எடை பாய்ந்து பாய்ந்து திரும்பும் அதிர்ச்சியைத் தாங்கியிருக்க வேண்டியது அடிப்பகுதி, கோளாறு அங்கே. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் மலையைப் பிளந்துதான் உள்ளே போக முடியும் என்கிறார்கள். அதனால் பொம்மையை நிறுத்திவிட்டு, எதிரே படபடவென்று மின்னும் விளக்கைப் போட்டார்கள். அசைவது மாதிரி ஒரு பிரமை. ரசிகர்கள் வைத்த பெயர் 'டிஸ்கோ யெட்டி'. 2013இல் பூங்காவின் வடிவமைப்பாளர் ஜோ ரோடி ரசிகர் மாநாட்டில் சரிசெய்வேன் என்றார். அவர் ஓய்வு பெற்றும் போய்விட்டார். ஜப்பானில் இன்னொரு கம்பெனி நடத்தும் டோக்கியோ டிஸ்னி பூங்காக்களைப் பழசுக்காரர்கள் உதாரணம் காட்டுவது இந்த இடத்தில்தான்: அங்கே விளக்கு ஒன்று போனாலும் மாற்றுகிறார்கள் என்று. புதுப் பகுதிக்கு நதியைத் தூர்க்கப் பணம் இருக்கிறது, இருக்கிற மலையைப் பிளக்க இல்லை.

தனியாகப் போகிறவர்களுக்கு எவரெஸ்டில் ஒற்றையாள் வரிசை உண்டு. மிச்சமாகும் இருக்கையில் உட்காரவைப்பார்கள். முதல் முறை சாதா வரிசையில் போய் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், இரண்டாம் முறை ஒற்றையாள் வரிசை. கடைசிக் குகை இரண்டு நொடிதான். விளக்கு மின்னும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்.